அமெரிக்காவின் போர் நினைவு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று அமெரிக்கா 'மெமோரியல் டே' என்னும் நினைவு நாளைக் கடைப்பிடிக்கிறது. சனி, ஞாயிறோடு சேர்ந்து வரும் மூன்று நாள் விடுமுறையாகவும், கோடைக்காலத்தின் தொடக்கமாகவும் பலர் இதை அறிந்திருக்கிறார்கள். இந்த நாளைத் தொடங்கி வைத்தவர்கள் இறந்தவர்களைப் புதைக்கும் பொறுப்பைத் தாமாகத் தோளில் ஏற்ற எளிய மக்கள் என்பதும், அரசின் அங்கீகாரம் அவர்களுக்குப் பல ஆண்டுகள் பின்னால்தான் வந்து சேர்ந்தது என்பதும் அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த வரலாற்றைப் பற்றி அடிக்கடி எழுப்பப்படும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன்.

இந்த நாள் யாரை நினைவுகூர்கிறது?

அமெரிக்க ஆயுதப் படைகளில் பணியாற்றும்போது உயிர்நீத்தவர்களை மட்டும். போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு நவம்பர் 11 அன்று 'வெட்டரன்ஸ் டே' என்ற முன்னாள் படைவீரர் நாள் இருக்கிறது. இப்போது சீருடையில் இருப்பவர்களுக்கு மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை ஆயுதப் படைகள் நாளாக ஒதுக்கப்பட்டுள்ளது. மே மாதக் கடைசியில் முன்னாள் படைவீரர் ஒருவரைக் கண்டு நன்றி சொல்வது தவறாகாது. எனினும் அவர்களில் பலர், "இன்று எங்களுக்கான நாள் அல்ல, திரும்பி வராத எங்கள் தோழர்களுக்கான நாள்" என்றே மறுமொழி சொல்வார்கள்.

எந்தப் போரிலிருந்து இந்த வழக்கம் பிறந்தது?

1861 ஏப்ரலில் தொடங்கி 1865 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலிருந்து. அடிமை முறையைக் காத்துக்கொள்வதற்காக ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள் கூட்டமைப்பு என்ற பெயரில் தனி அரசை நிறுவின. அப்பிரிவினையை ஏற்காத ஒன்றிய அரசு அவற்றோடு போரிட்டது. இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 6,20,000 பேர் இறந்தார்கள் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்த வரலாற்றாளர் டேவிட் ஹேக்கர், 2011-இல் அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ 7,50,000 என்று மதிப்பிட்டார். அன்றைய அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 3.1 கோடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால், சாவு எட்டிப் பார்க்காத தெரு ஒன்றுகூட எஞ்சியிருக்க முடியாது என்பது விளங்கும்.

எண்ணிக்கையைக் காட்டிலும் கொடியது, இறந்தவர்களுக்கு நேர்ந்த கதி. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குண்டடி பட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பரவிய முகாம்களில் நோயால் இறந்தார்கள். அடையாள வில்லை என்பது அக்காலப் படைகளில் வழக்கத்தில் இல்லை. கடும் சண்டைக்குச் செல்லும் முன் சிலர் தம் பெயரைத் தாள் துண்டில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே மேலாக மண் தள்ளிப் புதைக்கப்பட்டார்கள். மகன் எங்கே இறந்தான் என்பதையோ, இறந்தானா என்பதையோ தாய்க்கு அறிவிக்கும் முறையான ஏற்பாடு இரு படைகளிலும் இல்லை. போர் முடிந்த பின் 1870 வரை நடந்த பெரும் தேடலில், ஒன்றியப் படையினர் ஏறத்தாழ 3,00,000 பேரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டுத் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெயர் கண்டறிய முடியவில்லை. பெயரில்லாத அந்தக் கல்லறைகளுக்கு யார் மலர் வைப்பது என்ற கேள்வியே இந்த நாளின் வேர்.

முதல் நினைவு நாள் எங்கே நடந்தது?

இதற்கு ஒற்றை விடை இல்லை. பென்சில்வேனியாவின் போல்ஸ்பர்க், இல்லினாயின் கார்பண்டேல், ஜார்ஜியாவின் கொலம்பஸ், மிசிசிப்பியின் கொலம்பஸ், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ எனப் பல ஊர்கள் அந்தப் பெருமையைக் கோருகின்றன. கல்லறையில் மலர் வைப்பது எந்த ஊரும் கண்டுபிடித்த வழக்கமன்று என்பதால், இந்தப் போட்டியில் வெல்வது யார் என்பதை நான் பெரிதாகக் கருதவில்லை. ஆனால் பெருந்திரளான மக்கள் ஒரு நாளைக் குறித்து, ஊர்வலம் சென்று, உரையாற்றி, பாடி, மலர் தூவி, போரில் இறந்தவர்களைப் பொதுவில் நினைவுகூர்ந்த நிகழ்வு எது என்று கேட்டால், சான்றுகளோடு முன்நிற்பது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1865 மே 1 அன்று நடந்த நிகழ்வு. அதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம்.

சார்ல்ஸ்டனில் என்ன நடந்தது?

போரின் முதல் குண்டு வெடித்ததே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் உள்ள சம்டர் கோட்டையின்மீதுதான். தென்னகத்தின் பெருந்தோட்ட உரிமையாளர்கள் செல்வச் செழிப்போடு கூடிக் களித்த குதிரைப் பந்தயத் திடல் ஒன்று அந்நகரில் இருந்தது. போரின் கடைசி ஆண்டில் கூட்டமைப்புப் படை அதை ஒன்றியப் படைக் கைதிகளுக்கான திறந்தவெளிச் சிறையாக மாற்றியது. கூரையின்றி, போதிய உணவின்றி, நோய் முற்றி, குறைந்தது 257 கைதிகள் அங்கே இறந்தார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்புறம் அவர்களுடைய உடல்கள் குழிகளில் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டன.

1865 பிப்ரவரியில் கூட்டமைப்புப் படை நகரைக் கைவிட்டு வெளியேறியது. வெள்ளையர்களில் பெரும்பாலோர் நகரை நீங்கியிருந்தார்கள். அங்கே எஞ்சியிருந்தவர்களில் மிகுதியானோர் அப்போதுதான் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். அவர்களில் 28 தொழிலாளர்கள் அந்தத் திடலுக்குச் சென்று, குழிகளிலிருந்த உடல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறைப்படி அடக்கம் செய்தார்கள். கல்லறைகளைச் சுற்றி உயரமான வேலி அமைத்து வெள்ளையடித்தார்கள். நுழைவாயிலில் வளைவு ஒன்றை நிறுவி, 'பந்தயத் திடலின் தியாகிகள்' என்று அதில் எழுதினார்கள். யாரும் உத்தரவிடவில்லை. இறந்துகிடந்தவர்கள் தங்கள் விடுதலைக்கான போரில் சிறைப்பட்டு மாண்டவர்கள் என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மே 1 அன்று ஏறத்தாழ 10,000 பேர் அங்கே திரண்டார்கள். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கென்று புதிதாகத் திறக்கப்பட்ட பள்ளிகளிலிருந்து சுமார் 3,000 சிறுவர் சிறுமியர் கைநிறைய ரோஜா மலர்களோடு முன்னே சென்றார்கள். அடிமை முறையை எதிர்த்துத் தூக்கிலேறிய ஜான் பிரவுனைப் பற்றிய பாடலை அவர்கள் பாடிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் மலர்க்கூடைகளோடும் மாலைகளோடும் பின்தொடர்ந்தார்கள். கல்லறைகள் மலரால் மூடப்பட்டன, போதகர்கள் வேதத்திலிருந்து வாசித்தார்கள், உரைகள் நிகழ்ந்தன. பிற்பகலில் ஒன்றியப் படைப்பிரிவுகள் அணிவகுத்தன. கறுப்பின வீரர்களைக் கொண்ட புகழ்பெற்ற 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவும் அவற்றுள் ஒன்று. பிறகு மக்கள் புல்வெளியில் அமர்ந்து ஒன்றாக உணவருந்தினார்கள். பின்னாளில் நாடு முழுவதும் நினைவு நாளுக்கு இலக்கணமாக அமைந்த ஊர்வலம், மலர், உரை, பாடல், அணிவகுப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரே நாளில் அங்கே இருந்தன.

இவ்வளவு பெரிய நிகழ்வு எப்படி மறக்கப்பட்டது?

அது மறக்கப்பட்டது என்பதைவிட, நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது என்பதே பொருந்தும். நிகழ்வு நடந்தபோது சார்ல்ஸ்டன் நாளேடும் நியூயார்க் டிரிபியூன் இதழும் அதைப் பற்றிச் செய்தி வெளியிட்டன. ஆனால் 1870-களின் இறுதியில் தென் மாநிலங்களின் ஆட்சி மீண்டும் பழைய வெள்ளை ஆதிக்கத்தின் கைக்குப் போனபின், நகரின் பொது வரலாற்றை எழுதும் உரிமையும் அவர்களிடமே போயிற்று. சுமார் அரை நூற்றாண்டு கழித்து ஒருவர், 'இப்படியொரு நிகழ்வு நடந்தது உண்மையா' என்று கேட்டு எழுதியபோது, நகரின் நினைவேந்தல் சங்கத்திலிருந்த பெண்மணி அதைப் பற்றி அதிகாரபூர்வமான தகவல் எதையும் திரட்ட முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்துப் பதில் அனுப்பினார். 1990-களில் வரலாற்றாளர் டேவிட் பிளைட், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் முன்னாள் படைவீரர்களின் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'முதல் மலரஞ்சலி நாள்' என்று குறிக்கப்பட்ட கோப்பைக் கண்டார். அந்தத் தாளிலிருந்து பழைய செய்தித்தாள்களுக்குச் சென்று நிகழ்வை அவர் மீட்டெடுத்தார்.

அங்கே புதைக்கப்பட்டவர்களின் உடல்கள் பின்னர் அகற்றப்பட்டுத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. பழைய பந்தயத் திடல் பூங்காவாயிற்று. அந்தப் பூங்காவுக்குக் கூட்டமைப்புப் படைத்தளபதியாக இருந்து பின்னர் மாநில ஆளுநரான வேட் ஹாம்ப்டனின் பெயர் சூட்டப்பட்டது. 1865-இல் அங்கே நடந்ததைச் சொல்லும் நினைவுப் பலகை இந்த நூற்றாண்டில்தான் வைக்கப்பட்டது.

கொலம்பஸ் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் குறிப்பிடப்படுகின்றனவே?

ஆம், இரண்டும் தென்னகத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே 1866-ஐச் சேர்ந்த கதைகள். ஒன்றிய அரசு தன் வீரர்களின் உடல்களை மட்டுமே திரட்டித் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தது. எதிர்த்தரப்பில் போரிட்டு மாண்டவர்களின் உடல்கள் வயல்களிலும் சாலையோரங்களிலும் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து அடக்கம் செய்யத் தென்னகப் பெண்கள் சங்கங்கள் அமைத்தார்கள். ஜார்ஜியாவின் கொலம்பஸில் அப்படிப்பட்ட சங்கத்தின் செயலாளராக இருந்த மேரி ஆன் வில்லியம்ஸ், ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்துக் கல்லறைகளுக்கு மலர் சாத்த வேண்டும் என்று 1866 மார்ச்சில் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26 அந்நாளாகக் குறிக்கப்பட்டது. பல தென்னக ஊர்கள் அதைப் பின்பற்றின.

மிசிசிப்பியின் கொலம்பஸில் 1866 ஏப்ரல் 25 அன்று பெண்கள் தங்கள் பக்கத்து வீரர்களின் கல்லறைகளோடு அங்கே அடக்கமாகியிருந்த ஒன்றியப் படை வீரர்களின் கல்லறைகளுக்கும் மலர் வைத்தார்கள். கணவனையும் மகனையும் பறிகொடுத்தவர்கள் எதிரியின் கல்லறைமுன் குனிந்து மலர் வைத்த செய்தி வடக்கே பரவி, பலர் மனத்தைக் கரைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நியூயார்க் வழக்கறிஞர் பிரான்சிஸ் மைல்ஸ் பிஞ்ச் எழுதிய கவிதை 1867-இல் வெளியாகி நாடெங்கும் ஓதப்பட்டது.

அப்படியானால் வாட்டர்லூவை ஏன் 'பிறந்த ஊர்' என்கிறார்கள்?

1966-இல் அமெரிக்கக் காங்கிரசும் அதிபர் லிண்டன் ஜான்சனும் அவ்வாறு அறிவித்ததால். வாட்டர்லூவில் ஹென்றி வெல்ஸ் என்ற மருந்துக் கடைக்காரரின் யோசனைப்படி 1866 மே 5 அன்று கடைகளெல்லாம் மூடப்பட்டு, கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்க, ஊரே கல்லறைத் தோட்டங்களுக்கு ஊர்வலமாகச் சென்றது என்பது அந்த ஊரின் கூற்று. சார்ல்ஸ்டன் நிகழ்வு மீட்டெடுக்கப்படுவதற்கு முன்பே வந்த அறிவிப்பு இது. இதன் சான்றுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் வலுவாகக் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள்.

நாடு முழுவதற்குமான நாளாக மாற்றியவர் யார்?

ஜான் லோகன். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இவர், போரில் ஒன்றியப் படைத்தளபதியாக இருந்தவர்; 'கிராண்ட் ஆர்மி ஆஃப் த ரிபப்ளிக்' எனப்பட்ட ஒன்றிய முன்னாள் படைவீரர்களின் மாபெரும் சங்கத்துக்குத் தலைவர். 1868 மே 5 அன்று அவர் பிறப்பித்த 11-ஆம் எண் பொது உத்தரவு, மே 30 அன்று நாட்டைக் காக்கும் போரில் மாண்ட தோழர்களின் கல்லறைகளில் மலர் தூவுமாறு சங்கத்தின் எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொண்டது. சங்கத்துக்கு நாடெங்கும் கிளைகள் இருந்ததால், ஊர்தோறும் தனித்தனியாக முளைத்திருந்த வழக்கத்துக்கு ஒரே நாள் வாய்த்தது. தென்னகத்தில் கல்லறைகள் மலரால் அலங்கரிக்கப்பட்டிருந்ததை நேரில் பார்த்துவந்து சொன்னவர் லோகனின் மனைவி மேரி லோகன் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த உத்தரவில் இரண்டு இடங்கள் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றன. சடங்கு இன்னபடிதான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை; ஒவ்வோர் ஊரும் தனக்கு ஏற்றவாறு மரியாதை செய்யட்டும் என்று அது விட்டுவிடுகிறது. மற்றொன்று, போரில் பங்கேற்றவர்களில் ஒருவர் உயிரோடிருக்கும்வரை இவ்வழக்கம் ஆண்டுதோறும் தொடரும் என்ற நம்பிக்கையை அது தெரிவிக்கிறது. அச்சங்கத்தின் கடைசி உறுப்பினரும் படையில் முரசறைபவராக இருந்தவருமான ஆல்பர்ட் வூல்சன் 1956-இல் காலமானார். அவரோடு சங்கம் முடிவுக்கு வந்தது, வழக்கம் நிலைத்துவிட்டது.

மே 30 ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?

உத்தரவில் காரணம் சொல்லப்படவில்லை. வடக்கே குளிர் நீங்கி எங்கும் மலர் கிடைக்கும் காலம் அது என்பதும், குறிப்பிட்ட எந்தப் போரின் வெற்றி நாளாகவும் அது அமையவில்லை என்பதும் வழக்கமாகக் கூறப்படும் விளக்கங்கள்.

ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துக்கு இந்த நாளில் ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

வர்ஜீனியாவில், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ள இந்த இடம், கூட்டமைப்புப் படைத்தளபதி ராபர்ட் லீயின் மனைவிக்குப் பரம்பரைச் சொத்தாக வந்த பண்ணை. போர் தொடங்கியதும் ஒன்றியப் படை அதைக் கைப்பற்றியது. தலைநகரின் கல்லறைகள் நிரம்பிவிட்டதால் 1864 மே 13 அன்று வில்லியம் கிறிஸ்ட்மன் என்ற சாதாரணப் படைவீரர் அங்கே முதலாவதாக அடக்கம் செய்யப்பட்டார். லீ குடும்பம் அந்த வீட்டுக்கு மீண்டும் குடிவரவே கூடாது என்ற உறுதியோடு, படைத்தளவாடத் தலைவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ் வீட்டின் வாசல் வரையில் கல்லறைகளை அமைக்கச் செய்தார். அதே தோட்டத்தின் 27-ஆம் பிரிவில், அடிமைத் தளையிலிருந்து தப்பித் தலைநகரை நாடி வந்து இறந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 3,800 பேர் உறங்குகிறார்கள். அவர்களுடைய கற்களில் 'குடிமகன்' என்றோ 'பொதுமக்களில் ஒருவர்' என்றோ பொறிக்கப்பட்டிருக்கிறது. உயிரோடிருந்தபோது சட்டம் அவர்களுக்குத் தர மறுத்த சொல் 'குடிமகன்'.

1868 மே 30 அன்று அந்த வீட்டின் முகப்பிலிருந்து, அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தவரும் பின்னாளில் அதிபரானவருமான ஜேம்ஸ் கார்பீல்டு உரையாற்றினார். 15,000 பேரின் கல்லறைகளுக்கு நடுவே பேசுவது தகாது, அவர்களுடைய வாழ்வு எந்தப் பேச்சையும்விடப் பெரியது என்று சொல்லியே அவர் தொடங்கினார். பிறகு போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் கல்லறை கல்லறையாக மலர் தூவிச் சென்றார்கள்.

இரு தரப்பினரையும் ஒரே மாதிரி நினைவுகூர வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டார்களா?

இல்லை. இந்த நாளின் வரலாற்றில் மிகக் கூர்மையான விவாதம் இதுதான். காலம் செல்லச் செல்ல, 'இரு பக்கமும் வீரர்களே, எதற்காகப் போரிட்டார்கள் என்பதைக் கிளற வேண்டாம்' என்ற மனநிலை வடக்கிலும் வளர்ந்தது. தாமே அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவரும், கறுப்பின இளைஞர்களைப் படையில் சேரத் தூண்டியவரும், தம் பிள்ளைகளையும் 54-ஆம் மாசசூசெட்ஸ் பிரிவில் சேர்த்தவருமான பிரடெரிக் டக்ளஸ் அதை ஏற்கவில்லை. 1871-ஆம் ஆண்டின் இதே நாளில், பெயர் தெரியாத 2,111 வீரர்களின் எலும்புகள் ஒன்றாக அடக்கமாகியிருக்கும் ஆர்லிங்டன் நினைவுக் கல்லின் அருகே நின்று அவர் பேசினார். நாட்டின் உயிரைப் பறிக்க வந்தவர்களையும் அதைக் காக்க நின்றவர்களையும், அடிமை முறைக்காகப் போரிட்டவர்களையும் விடுதலைக்காகப் போரிட்டவர்களையும் ஒரே மதிப்போடு நினைக்கும்படி தேசப்பற்றின் பெயரால் கேட்கிறார்கள், அந்த வேறுபாட்டை நான் மறக்க மாட்டேன் என்றார். 1878-இல் நியூயார்க்கில் பேசியபோது, நடந்து முடிந்த போரில் சரியான பக்கம் ஒன்றும் தவறான பக்கம் ஒன்றும் இருந்தன என்று இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்.

டக்ளஸ் சொன்னதே சரி என்பது என் உறுதியான கருத்து. மிசிசிப்பியின் பெண்கள் எதிரியின் கல்லறைக்கு மலர் வைத்தது மனிதத் தன்மையின் உயர்ந்த செயல். அதற்கு யாரும் தலைவணங்கலாம். ஆனால் இறந்தவர்மீது இரக்கம் காட்டுவது வேறு, அவர்கள் எதற்காக இறந்தார்கள் என்பதை அழித்துவிடுவது வேறு. ஒன்றியப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள், அவர்களில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். சமரசத்தின் பெயரால் காரணத்தை மறந்தபோது முதலில் மறக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். சார்ல்ஸ்டன் நிகழ்வும் அப்படித்தான் மறைந்தது.

தென் மாநிலங்கள் எப்போது இந்த நாளை ஏற்றன?

வடக்கின் மே 30-ஐத் தென்னகம் பல பத்தாண்டுகள் ஏற்கவில்லை. ஏப்ரல் 26, மே 10, கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசின் பிறந்த நாளான ஜூன் 3 என வெவ்வேறு நாட்களில் தனியாகவே கடைப்பிடித்தது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 1,16,500 அமெரிக்கர்கள் இறந்த பிறகு, எல்லாப் போர்களிலும் மாண்டவர்களுக்கான பொது நாளாக மே 30 விரிவடைந்தது. அதன் பிறகே தென்னகமும் இணைந்தது. எனினும் அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் கூட்டமைப்புப் படையினருக்கான தனி நினைவு நாள் அரசு விடுமுறையாக இன்றும் தொடர்கிறது.

அரசு விடுமுறையானது எப்போது? பெயர் எப்படி மாறியது?

1873-இல் நியூயார்க் மாநிலம் இதைச் சட்டப்படி விடுமுறையாக்கியது. 1890-க்குள் வட மாநிலங்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்டன. கல்லறைகளை மலரால் அலங்கரிப்பதால் தொடக்கத்தில் 'டெக்கரேஷன் டே' என்று அழைக்கப்பட்டது. 'மெமோரியல் டே' என்ற பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவே நிலைத்தது.

மே 30 எப்படித் திங்கட்கிழமையாக மாறியது?

1968-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சில தேசிய விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது. அரசு ஊழியர்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் என்பதும், வணிகத்துக்கும் பயணத்துக்கும் நல்லது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அதே சட்டம் முன்னாள் படைவீரர் நாளையும் அக்டோபர் மாதத் திங்கட்கிழமைக்கு நகர்த்தியது. முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11 என்ற நாளின் பொருளை இழக்க மக்கள் உடன்படாததால், 1978 முதல் அந்த நாள் பழைய தேதிக்கே திரும்பியது. நினைவு நாள் மட்டும் திரும்பவில்லை.

அதைத் திருப்பிக் கொண்டுவர இடையறாது முயன்றவர் ஹவாய் மாநில செனட்டர் டேனியல் இனோயே. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கொண்ட 442-ஆம் படைப்பிரிவில் இருந்த அவர், 1945-இல் இத்தாலியில் நடந்த சண்டையில் வலக்கையை இழந்தவர். 1980-களின் பிற்பகுதி முதல் 2012-இல் தாம் இறக்கும்வரை, மே 30-ஐ மீட்கும் மசோதாவை அவர் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்; ஒன்றுகூட நிறைவேறவில்லை. தேதி நகர்ந்ததுதான் பொருள் தேய்ந்ததற்கு முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இண்டியானாபோலிஸ் 500 கார்ப் பந்தயம் 1911 மே 30 அன்றே தொடங்கிவிட்டது. கல்லறைக்குப் போகாமல் கேளிக்கைக்குப் போகிறார்கள் என்ற முதிய வீரர்களின் மனக்குறை அதைவிடப் பழையது. ஆனாலும் நீண்ட வார இறுதி என்ற வசதிக்காக நகர்த்தப்பட்ட நாளை மக்கள் நீண்ட வார இறுதியாகவே பார்ப்பதில் வியப்பில்லை.

சிவப்புப் பாப்பி மலர் அணிவது ஏன்?

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் போர்க்களக் கல்லறைகளிடையே பூத்த பாப்பி மலர்களைப் பற்றிக் கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் எழுதிய கவிதையே மூலம். அதைப் படித்த ஜார்ஜியா மாநில ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918 நவம்பரில் துணியால் செய்த பாப்பியை அணிந்து மற்றவர்களுக்கும் வழங்கினார். 1922 முதல் முன்னாள் படைவீரர் அமைப்புகள் நினைவு நாளையொட்டி நாடெங்கும் பாப்பி வழங்கி, ஊனமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்டின.

கொடியை எப்படிப் பறக்கவிட வேண்டும்? வேறு நெறிகள் உண்டா?

காலையில் கொடியை விரைவாக உச்சிவரை ஏற்றி, பிறகு மெதுவாக அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும்; நண்பகலில் மீண்டும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். முற்பகல் மாண்டவர்களுக்கு, பிற்பகல் அவர்கள் விட்டுச்சென்ற பணியை ஏற்கும் உயிரோடிருப்பவர்களுக்கு என்று இதற்குப் பொருள் கூறுவர். 2000-ஆம் ஆண்டின் சட்டப்படி, உள்ளூர் நேரம் பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆர்லிங்டனில் அந்த வாரத்தில் மூன்றாம் காலாட்படைப் பிரிவினர் 2,60,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளின்முன் சிறு கொடிகளை நடுகிறார்கள். கல்லிலிருந்து காலணி ஒன்றின் நீளம் அளந்து கொடி நடும் அந்த ஒழுங்கை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

'இனிய நினைவு நாள் வாழ்த்துகள்' என்று சொல்லலாமா?

தவிர்ப்பது நல்லது. விடுமுறை மகிழ்ச்சியாகக் கழியட்டும் என்று சொல்வதில் குற்றமில்லை. ஆனால் மகனையோ தந்தையையோ போரில் இழந்த குடும்பத்தின் காதில் அந்த வாழ்த்து எப்படி விழும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறதா?

அமெரிக்க வீரர்கள் அடக்கமாகியுள்ள வெளிநாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரான்சின் நார்மண்டியில் மட்டும் 9,300-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. நெதர்லாந்தின் மார்க்ராட்டன் தோட்டத்தில் சுமார் 8,300 கல்லறைகள். ஒவ்வொன்றையும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று தத்தெடுத்துப் பராமரிக்கிறது. தாத்தா பாட்டி ஏற்ற பொறுப்பைப் பேரப்பிள்ளைகள் இன்று சுமக்கிறார்கள்.

பெயர் தெரியாத வீரர்கள் இன்றும் அடையாளம் காணப்படுகிறார்களா?

காணப்படுகிறார்கள். ஆர்லிங்டனில் 1921-இல் அமைந்த பெயர் தெரியாத வீரர் கல்லறையில், 1984-ஆம் ஆண்டு நினைவு நாளன்று வியட்நாம் போரில் மாண்ட ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார். 1998-இல் அந்த உடல் எடுக்கப்பட்டு மரபணுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டபோது, அவர் விமானப் படை அதிகாரி மைக்கேல் பிளாசி என்று தெரியவந்தது. குடும்பத்தார் அவரை மிசூரி மாநிலத்துக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். அந்தப் பேழை இன்றும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது.

1941-இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் கவிழ்ந்த ஒக்லகோமா போர்க்கப்பலில் 429 பேர் இறந்தார்கள். அவர்களில் 388 பேர் 2015 வரையிலும் பெயர் கண்டறியப்படாமல் ஹவாயில் புதைந்திருந்தார்கள். 2015-இல் அந்தக் கல்லறைகள் திறக்கப்பட்டு, 350-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர். இரண்டாம் உலகப் போர் முதலாக இன்னும் கண்டறியப்படாதவர்கள் 80,000-க்கும் மேல். அடையாளம் காணப்பட்ட மாலுமிகள் ஒவ்வொருவராகச் சொந்த ஊர் வந்து சேர்ந்தபோது, அவர்களைக் கண்ணால் கண்டிராத அண்ணன் தம்பியரின் பேரப்பிள்ளைகள் வந்து நின்றார்கள். மகன் வருவான் என்று காத்திருந்து மாண்ட பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே சிலருக்கு இடம் கிடைத்தது.